மூடச் சொல்லி வாங்கிய பதவி

1976 செப்டம்பரில் செல்டன் வாரப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில், பருத்தி விலைக்குக் கீழே ஒரு சின்ன விளம்பரம் வந்தது. படம் கிடையாது. “மாவட்ட சர்வேயர் பதவிக்கு எனக்கு ஓட்டுப் போடுங்கள். அந்தப் பதவி நமக்குத் தேவையில்லை. அதை மூடும்வரை அதில் உட்கார்ந்திருப்பேன். கட்டணம் வாங்கமாட்டேன். இந்த மாவட்டத்தின் கடைசி சர்வேயராக இருப்பேன். வெர்லின் டாக்கெட்.”

அப்போது நான் மாவட்ட அலுவலகத்தில் பத்திரப் பிரிவு குமாஸ்தா. அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். மேற்கு டெக்சாஸில் பதவியைக் குறைப்பேன் என்று சொல்லாத வேட்பாளர் கிடையாது. ஆனால் தன் பதவியையே குறைப்பேன் என்று சொன்ன ஆளை அதுவரை நான் பார்த்ததில்லை.

வெர்லினுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. தொழிலே நிலம் அளப்பதுதான். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. மாமனாரோடு அளவுச் சங்கிலி இழுத்துப் பழகி, இரவல் புத்தகங்களை வைத்துக் கணக்குப் படித்து, மாநிலத் தேர்வெழுதி உரிமம் வாங்கியவர். மனைவி நெல்டாதான் அவருக்குக் கோல் பிடிப்பாள். அவர் முக்காலியில் கருவியை நிறுத்தி ஒரு கண்ணை மூடிக்கொள்வார். கால் மைல் தள்ளி சீமைக்கருவேல முள்ளுக்குள் நெல்டா கோலோடு நிற்பாள். அவர் இடது கையைத் தூக்கினால் ஒரு விரல் அகலம் இடப்பக்கம் நகர்வாள். இருபது வருஷம் அப்படி, பேச்சே இல்லாமல், இரண்டு பேரும் மாவட்டத்தில் பாதியை அளந்திருந்தார்கள்.

அவருக்கு முன்னால் சர்வேயராக இருந்தவர் இருபத்தெட்டு வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார். பெயர் வேண்டாம், ஆள் இப்போது இல்லை. அவர் முத்திரை இல்லாமல் எந்த நில வரைபடமும் எங்கள் பதிவேட்டில் ஏறாது. அவரோ மாதத்தில் மூன்று வாரம் மீன் பிடிக்கப் போய்விடுவார். வெர்லின் நுணுக்கமாக அளந்து போட்ட படம், அளப்பதையே மறந்துபோன ஒருவருடைய முத்திரைக்காக அலமாரியில் தூங்கும். நிலம் விற்றவர் காத்திருப்பார், வாங்கியவர் காத்திருப்பார், விதைக்கிற பருவம் போய்விடும்.

“திறந்து கிடந்த பாதையில ஒரு கேட்டைப் போட்டு, கேட்டுக்கு ஒரு ஆளையும் போட்டிருக்காங்க மார்வா. அவ்வளவுதான் இந்தப் பதவி,” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அவருடைய அரசியல் முழுவதும் அந்த அளவில்தான் இருந்தது. அரசாங்கம் ரோடு போடட்டும், சிறையைப் பூட்டட்டும், பத்திரத்தைப் பத்திரமாக வைக்கட்டும். மிச்சத்தை ஜனங்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். எனக்கும் அதுதான் எண்ணம். இன்றும் அதுதான்.

எதிர்த்து யாரும் நிற்கவில்லை, ஜெயித்தார்.

பதவியை மூடுவது எங்கள் கையில் இல்லை. அது மாநில அரசியல் சாசனத்தில் எழுதியிருந்தது. எங்கள் ஊரின் ஒரு நாற்காலியைத் தூக்கவேண்டுமென்றால் தலைநகர் ஆஸ்டினில் சட்டசபை மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு தீர்மானம் போடவேண்டும், பிறகு மாநிலம் முழுக்க ஜனங்கள் ஓட்டுப் போடவேண்டும். எங்கள் சர்வேயர் யார் என்றே தெரியாத, கடலோரத்தில் இறால் பிடிக்கிற ஆளுக்கும் அதில் ஓட்டு உண்டு. சட்டசபை கூடுவதோ இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, நூற்று நாற்பது நாள். அது அடிக்கடி கூடினால் அடிக்கடி ஏதாவது செய்யும் என்று பயந்து எங்கள் முன்னோர் வைத்த ஏற்பாடு. வெர்லினுக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். அதில் முதலில் மாட்டிக்கொண்டதும் அவர்தான்.

எங்கள் தொகுதி உறுப்பினர் ஹோய்ட் பிராக்கின். சட்டசபையில் உரத்த குரல், கறுப்புத் தொப்பி. 1977இல் தாமதமாகிவிட்டது என்றார். 1979இல் சண்டையில்லாத மசோதாக்களைக் கட்டாக நிறைவேற்றுகிற பட்டியலில் இதைச் சேர்த்தார். அந்தப் பட்டியலில் உள்ளதை எதிர்த்து ஒரே ஒரு உறுப்பினர் எழுந்து பத்து நிமிஷம் பேசினால் போதும், அது பட்டியலிலிருந்து விழுந்துவிடும். மான் வேட்டைப் பருவம் பற்றிய ஏதோ மசோதாவில் ஹோய்ட் ஒருவரைக் கவிழ்த்திருந்தார். அந்த ஆள் எழுந்து எங்கள் மாவட்ட சர்வேயர் பதவியின் அருமை பெருமையைப் பத்து நிமிஷம் பேசினார். எங்கள் மாவட்டம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

1981இல் வெர்லினே பேருந்து ஏறி ஆஸ்டினுக்குப் போனார். பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தார். ஹோய்ட் எழுந்து அரசாங்கத்தைச் சுருக்குவது பற்றி அரைமணி நேரம் முழங்கினார். “என் தொகுதியில ஒரு மனுஷன் இருக்காரு. அஞ்சு வருஷமா என் வேலையை எடுத்துக்கங்க, எடுத்துக்கங்கன்னு கெஞ்சுறாரு!” சபை சிரித்தது, கைதட்டியது. தீர்மானம் மட்டும் வரவில்லை.

வெளியே நடையில் வெர்லின் அவரைப் பிடித்தார். ஊருக்குத் திரும்பியதும் எனக்கு அப்படியே சொன்னார்.

“ஹோய்ட், பேச்சு பிரமாதம். தீர்மானம் எங்க?”

“அடுத்த தடவை வெர்லின். சத்தியமா.”

“இது மூணாவது அடுத்த தடவை.”

“யோவ், கோவிச்சுக்காத. எந்த ஊர் மேடையில ஏறினாலும் உன் கதையைத்தான்யா சொல்றேன். ஜனங்க எழுந்து நின்னு தட்டுறாங்க.”

“நீ கதை சொல்றதுக்காக நான் அங்கேயே உக்காந்திருக்கணுமா?”

ஹோய்ட் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னாராம்: “கெட்டவன் இல்லய்யா நான். ஓடுற குதிரையை எவனாவது விப்பானா, நீயே சொல்லு.”

1983இலும் அதே கதைதான். அந்த வருஷங்களில் வெர்லின் ஒரு தப்பு செய்தார். தப்பு என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. பதவியை நன்றாகச் செய்தார்.

படம் கொண்டுவந்தால் அன்றைக்கே முத்திரை. வேலித் தகராறு என்றால், வாருங்கள் என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நெல்டாவும் போவாள். பழைய குறிப்பேட்டில் எழுதியிருக்கிற கல்லைத் தேடி மண்ணைத் தோண்டி, இரண்டு பக்கத்துக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டுவார். “இதோ இருக்கு உன் மூலை. அதோ அங்க அவன் மூலை. நடுவுல நீங்க ரெண்டு பேரும் ஏழு வருஷமா பேசாம இருந்திருக்கீங்க.” வக்கீலுக்குப் போகவேண்டிய எத்தனையோ சண்டை இவர் வேலியோரத்தில் முடிந்துபோனது. பைசா வாங்கவில்லை. எனக்குத் தெரிந்து இரண்டு குடும்பம் அவரால் மறுபடி சம்பந்தம் பேசியது.

1984 அக்டோபரில் ஒரு காலை. பர்டன் பண்ணையில் அளந்துகொண்டிருந்தார்கள். வெர்லின் இடது கையைத் தூக்கினார், நெல்டா நகரவில்லை. மறுபடி தூக்கினார். அவள் வலப்பக்கம் போனாள். அவர் கருவியை விட்டுவிட்டு முள்ளுக்குள் நடந்து போனார்.

“என்னாச்சு நெல்டா?”

“உன் கை தெரியல.”

“வெயிலா?”

“வெயில் இல்ல. நீ நிக்கிற இடமே தெரியல. சுத்தி எல்லாம் தெரியுது. உன் எடத்துல மட்டும் கறை.”

லபக் நகரத்தில் கண் டாக்டர் பார்த்தார். விழித்திரை நடுவில் கெட்டுக்கொண்டு வருகிறது, இரண்டு கண்ணிலும். இரண்டு வருஷம் ஓரளவு ஓட்டலாம், மூன்று வருஷம் என்று உறுதி சொல்லமுடியாது என்றார். இந்த வியாதிக்கு அப்போது மருந்து இல்லை.

அவர்களுடைய ஒரே மகள் லானெட் கொலராடோவில், மலையடிவாரத்தில் இருந்தாள். இரண்டு பேரன்கள். கீழ்த்தளத்தில் ஒரு அறை காலி. வந்துவிடுங்கள் என்று வாரம் இரண்டு முறை தொலைபேசியில் சொல்வாள். மதிய உணவுக்கு மிளகாய்க் கறியும் சோள ரொட்டியும் கொண்டுவந்து என் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடும்போது நெல்டா சொன்னாள்:

“மார்வா, பொறந்ததுலேர்ந்து இங்க நான் பாத்ததெல்லாம் ஒரு படுக்கைக் கோடு. இந்தப் பக்கம் திரும்பினாலும் கோடு, அந்தப் பக்கம் திரும்பினாலும் கோடு. செங்குத்தா நிக்கிற ஒண்ணைப் பாக்கணும். பேரனுங்க மூஞ்சியைப் பாக்கணும். அப்புறம் கண்ணு போனா போகட்டும்.”

“வெர்லின் என்ன சொல்றாரு?”

“ஜனவரியில சபை கூடுதாம். இந்த தடவை முடிஞ்சுடுமாம்.” ரொட்டியைப் பிய்த்தாள். “பேப்பர்ல போட்டுட்டாராம். மூடுறவரைக்கும் இருப்பேன்னு வார்த்தை குடுத்துட்டாராம்.”

“விட்டுட்டு வான்னு சொல்லேன்.”

“சொன்னா வந்துடுவான். அதான் சொல்லல.”

அவள் வேறு ஒன்று செய்தாள். வெர்லினுக்குத் தெரியாமல் ஹோய்ட் பிராக்கினுக்குப் போன் போட்டாள். என் மேஜையிலிருந்துதான்.

“ஹோய்ட், நெல்டா டாக்கெட் பேசுறேன். எனக்குக் கண்ணு போயிட்டிருக்கு. இல்ல, வருத்தமெல்லாம் அப்புறம் படு. முதல்ல கேளு. உன் மேடைக் கதையில என் புருஷன் இருக்கான். அவன் எனக்கு வேணும். திருப்பிக் குடு.”

பிறகு, “செய்றேன் மிஸ் நெல்டா,” என்று அவர் சொன்னது எனக்கே காதில் விழுந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணமானவளையும் மரியாதைக்கு மிஸ் என்றுதான் சொல்வோம்.

ஹோய்ட் செய்தார். 1985இல் தீர்மானம் இரண்டு அவைகளிலும் நிறைவேறியது. நவம்பரில் மாநிலம் முழுக்க ஓட்டு. சபையில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: மாநிலம் சம்மதித்தாலும், எங்கள் மாவட்டத்துக்காரர்களும் பெரும்பான்மையாகச் சம்மதித்தால்தான் செல்லும். நியாயமான வரி. வெர்லினே அதைப் பாராட்டினார். “நம்ம நாற்காலி, நாமதான் சொல்லணும்,” என்றார்.

அதே பத்திரிகையில் மறுபடி விளம்பரம் போட்டார். “சரி என்று ஓட்டுப் போடுங்கள். சொன்னதை முடிக்க உதவுங்கள்.” நெல்டாவின் கண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஊரில் என்னைத் தவிர யாருக்கும் அது தெரியாது. கடைத்தெருவில் அவள் யாரையும் கண்டுகொள்ளாமல் போனதை, மகள் ஊருக்குப் போகிற மிதப்பு என்று சிலர் பேசிக்கொண்டார்கள்.

“ஜனங்ககிட்ட சொல்லுங்க வெர்லின். ஒரு வார்த்தை போதும்,” என்றேன்.

“பொதுக் காரியத்தைப் பொதுக் காரணத்துக்காகத்தான் முடிவு பண்ணணும் மார்வா. என் வீட்டுக் கஷ்டத்துக்காக அரசியல் சாசனத்தைத் திருத்தச் சொல்லமுடியுமா?”

ஓட்டு எண்ணியதில் நானும் இருந்தேன். மாநிலம் பெரிய வித்தியாசத்தில் சரி என்றது. எங்கள் மாவட்டம் பதின்மூன்று ஓட்டு வித்தியாசத்தில் வேண்டாம் என்றது.

மறுநாள் காலை காபிக் கடையில் அவர் நுழைந்தபோது ஆட்கள் எழுந்து கைகொடுத்தார்கள். பருத்தி அரைக்கிற ஆலை வைத்திருந்த டப் ஹோலிஸ் அவர் முதுகில் ஓங்கித் தட்டினார்.

“விடுவோமா உன்னை? ஆஸ்டின்காரன் உன் வேலையைப் புடுங்கப் பாத்தான். வெச்சோம் பாரு ஆப்பு!”

வெர்லின் உட்காரவில்லை. “நான்தான்டா புடுங்கச் சொன்னேன். ஒன்பது வருஷமா சொல்றேன்.”

“அதெல்லாம் நீ அடக்கமா பேசுறேன்னு நெனச்சோம்.”

“பேப்பர்ல போட்டேனேடா.”

“நல்லவன் அப்படித்தான்யா போடுவான்.” டப்புக்கு உண்மையிலேயே புரியவில்லை. “நீ இல்லாட்டி என் வடக்கு வேலியை எவன் தீத்து வெச்சிருப்பான்? சொல்லு. உட்காரு, காபி என் கணக்கு.”

ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். அந்த வேண்டாம் ஓட்டுகளில் ஒன்று என்னுடையது. நெல்டாவின் கண் தெரிந்தும் போட்டேன். அவர்கள் எப்படியும் போய்விடுவார்கள், பதவி இருந்தால் நாளைக்கு அவரைப் போல இன்னொருவர் வருவார் என்று ஏதோ கணக்குப் போட்டேன். பெட்டி முன்னால் நிற்கும்போது கை அப்படிப் போனது. கேட்டைப் போட்டவனைத் திட்டுவோம். கேட்டில் நிற்கிற ஆள் நல்லவனாகிவிட்டால் கேட்டையே நம்முடையது என்று நினைத்துக்கொள்வோம். இதை வெர்லினிடம் நான் சொன்னதில்லை.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் ராஜினாமாக் கடிதத்தை என் மேஜையில் வைத்தார். கையெழுத்து நேராக இருந்தது. “வார்த்தையை முறிக்கிறேன். பேப்பர்ல போட்டுடறேன். நெல்டாவுக்கு ஒரு கண்ணுல நடுப்பாகம் முழுக்கப் போயிடுச்சு.”

கடிதத்தை எடுத்துக்கொண்டு இருவரும் மேல்மாடிக்குப் போனோம். மாவட்டத் தலைவர் ஆர்டிஸ் கில்லம் அங்கே இருந்தார். எங்கள் பக்கத்தில் அவரை ஜட்ஜ் என்றுதான் கூப்பிடுவோம், அவர் தீர்ப்புச் சொல்வது அபூர்வம், பெரும்பாலும் ரோடு போடுவார். கடிதத்தைப் படித்தார், காரணத்தை வெர்லின் வாயாலும் கேட்டுக்கொண்டார். அலமாரியிலிருந்து அரசியல் சாசனப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைப் பிரித்து எங்கள் பக்கம் திருப்பினார். பதவியில் உள்ளவர் ராஜினாமா செய்தாலும், அடுத்தவர் தகுதி பெற்றுப் பொறுப்பேற்கும்வரை கடமையைத் தொடர்ந்து செய்யவேண்டும்.

“அடுத்தவன் இந்த மாவட்டத்துல குடியிருக்கணும். அளக்கிற உரிமம் இருக்கணும்,” என்றார் ஜட்ஜ். “அப்படி நம்ம மாவட்டத்துல எத்தனை பேர்?”

“ஒருத்தன்,” என்றார் வெர்லின்.

“இங்க நிக்கிறான்.” ஜட்ஜ் புத்தகத்தை மூடினார். “கிளம்புய்யா. மிஸ் நெல்டாவைக் கூட்டிக்கிட்டுப் போ. எவன் வந்து கேக்கப்போறான்? ஆஸ்டின்லேர்ந்து குதிரைப்படையா வரும்?”

“யாரும் கேக்கமாட்டாங்க.”

“அப்புறம் என்ன?”

“அதான் ஜட்ஜ். யாரும் கேக்காத இடத்துலதான் பதவியில இருக்கிறவன் சட்டத்தைத் தனக்கு மட்டும் லேசா நெகிழ்த்திக்கிறான். எனக்கு முன்னால இருந்தவரும் அப்படித்தான் மீன் பிடிக்கப் போனாரு. நான் மலை பாக்கப் போறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.”

“உன்னைக் கட்டிக்கிட்டவ பாவம்யா.”

“தெரியும்.”

ஜட்ஜ் நல்ல மனிதர். பக்கத்து மாவட்டத்தில் ஒரு இளம் சர்வேயர் இருக்கிறான், ஓட்டு தோற்றதும் நீ விட்டுவிடுவாய் என்று நினைத்து விசாரித்து வைத்திருக்கிறேன் என்றார். இங்கே குடிவரத் தயார். ஆனால் முழுநேரச் சம்பளம், ஒரு வண்டி, கீழே ஒரு அறை, உதவிக்கு ஒரு ஆள் எல்லாம் கேட்கிறான். மாவட்டக் குழுவின் நான்கு உறுப்பினர்களில் இருவர் சம்மதம். இரண்டு பேர் தயங்குகிறார்கள். “நீ திங்கட்கிழமை கூட்டத்துல எழுந்து நின்னு ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லு. நீ சொன்னா அந்த ரெண்டு பேரும் மறுக்கமாட்டாங்க. அடுத்த நாளே நீ விடுதலை.”

வெர்லின் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். அவர் அப்படி இறங்கி நான் பார்த்ததில்லை.

லானெட் சனிக்கிழமையே காரோடு வந்துவிட்டாள். பெட்டிகள் கட்டியாகிவிட்டன, இரண்டு பேருடையதும். ஞாயிறு மாலை நான் போயிருந்தேன். வெர்லின் கொட்டகையில் இருந்தார். நெல்டா சமையலறையில் பாத்திரங்களைத் தடவித் தடவித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு என்ன சொல்லப்போறாரு?”

“கேக்கல.”

“கேட்டாத்தான் என்ன?”

“முப்பது வருஷம் மார்வா, அவன் கையைத் தூக்கினா நான் நகருவேன். சரியான எடத்துல நிக்கிறவரைக்கும் விடமாட்டான். நான் சொல்லி அவன் தப்பான எடத்துல வந்து நின்னா, அங்க எங்கூட அவன் இருக்கமாட்டான். வேற எவனோதான் இருப்பான்.” தட்டை வைத்தாள். “ஆனா வந்துடணும்னு இருக்கு. அதையும் சொல்லிடறேன்.”

திங்கட்கிழமை கூட்டத்துக்கு இருபது பேர் வந்திருந்தார்கள். நான் குறிப்பு எழுத உட்கார்ந்திருந்தேன். நெல்டாவும் லானெட்டும் பின்வரிசையில். ஜட்ஜ் விஷயத்தைச் சொல்லிவிட்டு, “வெர்லின் டாக்கெட் பேசணும்னு கேட்டிருக்காரு,” என்றார்.

அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“அந்தப் பையன் போட்ட படங்களைப் பாத்தேன். நல்ல வேலைக்காரன். அளவுல குத்தம் சொல்லமுடியாது.” நிறுத்தினார். தயங்கிய உறுப்பினர் இருவரும் தலையாட்டத் தொடங்கிவிட்டார்கள். “நான் போயாகணும். நெல்டாவுக்குக் கண்ணு போயிட்டிருக்கு. மக வீட்டுக்குப் போகணும். இதை முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லல. அது என் தப்பு.”

டப் ஹோலிஸ் பின்னால் திரும்பி நெல்டாவைப் பார்த்தார். டப்பின் முகம் வெளுத்துப்போயிருந்தது. தயங்கிய இருவரில் ஒருவர் எழுந்தே விட்டார்.

“அடப்பாவி வெர்லின், இதைச் சொல்லமாட்டியா? இதுல யோசிக்க என்ன இருக்கு? சம்பளம், வண்டி, எல்லாம் போடுவோம். உனக்காக.”

“எனக்காகப் போடாதீங்க,” என்றார் வெர்லின். குரல் உயரவில்லை. “போன தடவையும் எனக்காகத்தான் போட்டீங்க.”

எழுந்த உறுப்பினர் உட்கார்ந்துவிட்டார்.

“எனக்காக ஒரு அறை, ஒரு வண்டி, ஒரு ஆளுன்னு ஆரம்பிப்பீங்க. நான் அடுத்த நாள் போயிடுவேன். அறை இருக்கும். ஆளு இருப்பான். அவனுக்கு வேலை வேணும், அதனால வேலை கண்டுபிடிப்பான். அதுக்கு வரி கட்டப்போறது இங்க உக்காந்திருக்கிற நீங்க, நான் இல்ல. நான் வெளிய போறதுக்காக உங்க தலையில அந்தச் சுமையைக் கட்டிவிட்டுட்டுப் போனேன்னா, பத்து வருஷம் நான் பேசினதெல்லாம் என்னத்துக்கு?” தொப்பியின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றினார். “வேண்டாம். ஆஸ்டினுக்கு மறுபடி எழுதுங்க. மூடச் சொல்லுங்க. இந்த தடவை சரின்னு போடுங்க. அதுவரைக்கும் நான் இருக்கேன்.”

“சபை கூட இன்னும் ஒரு வருஷம் இருக்கேய்யா. அப்புறம் ஓட்டு. ரெண்டு வருஷம் ஆயிடும்,” என்றார் ஜட்ஜ்.

“தெரியும்.”

“மிஸ் நெல்டாவுக்கு...”

“தெரியும் ஜட்ஜ்.”

யாரும் தீர்மானத்தை முன்மொழியவில்லை. “நடவடிக்கை எடுக்கப்படவில்லை” என்று எழுதினேன். எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபம். அவர் சொன்னதில் எந்த வரி தப்பு என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதில் கோபம் இன்னும் கூடியது.

படியில் இறங்கும்போது நெல்டா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

“நீ சொன்னது சரி,” என்றாள்.

“நெல்டா...”

“சரின்னுதான் சொல்றேன். ஆனா நான் நாளைக்குக் கிளம்புறேன். எனக்கு ரெண்டு வருஷம் இல்ல.”

“போ. நான் ஞாயித்துக்கிழமை போன் பண்றேன்.”

“பண்ணு.”

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் நாலைந்து பேர் நின்றோம். டப் ஹோலிஸ் ஒரு பெரிய பெட்டி ஆரஞ்சு கொண்டுவந்திருந்தார், என்ன செய்வதென்று தெரியாதவர் கொண்டுவருகிற மாதிரி. வெர்லின் காரின் கதவோரம் நின்றார். நெல்டா முன் இருக்கையில் உட்கார்ந்து, முகத்தை அவரிடமிருந்து திருப்பி, எதிர்ப்பக்கத்து வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கோவம் தீரல போல,” என்று டப் என் காதில் சொன்னார்.

அது அவளுக்குக் கேட்டுவிட்டது. “கோவம் இல்ல டப். நேராப் பாத்தா அவன் மூஞ்சி இருக்கிற எடத்துல ஒண்ணுமே இல்ல. வேலியைப் பாத்தாத்தான் ஓரத்துல தெரியுறான். சும்மா இரு, பாத்துக்கிட்டிருக்கேன்.”

வெர்லின் அசையாமல் நின்றார். தொப்பியைக்கூடத் தொடவில்லை. கார் கிளம்பித் தெருமுனை திரும்பும்வரை அவள் வேலிப் பக்கமே பார்த்துக்கொண்டு போனாள்.

ஏப்ரலில் ஒரு நாள் அவர் அலுவலகத்துக்கு வந்தபோது கேட்டேன். “நெல்டா பேசினாளா?”

“பேசினா. மலை எப்படி இருக்குன்னு கேட்டேன். மேல முடியுற எடம் தெரியுதாம். நடுவுல தெரியலையாம். பேரனுங்களைத் தொட்டுப் பாத்துப் பழகிட்டாளாம்.” பதிவேட்டைப் புரட்டினார், எதையும் படிக்கவில்லை. “சின்னவனுக்கு என் மூக்காம்.”

“ஹோய்ட் எழுதியிருக்காரா?”

“கட்டாயம் கொண்டுவரேன்னு எழுதியிருக்கான்.” பதிவேட்டை மூடினார். “சபை எப்ப கூடுது மார்வா?”

எனக்குத் தெரிந்த அளவு அவருக்கும் தெரியும். இருந்தாலும் சொன்னேன். “ஜனவரி. இன்னும் ஒன்பது மாசம்.”

“ஒன்பது மாசம்,” என்றார். வெளியே இரண்டு பேர் வேலித் தகராறோடு காத்திருந்தார்கள். இருவரும் தனித்தனி பெஞ்சில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவரைப் பார்த்ததும் எழுந்தார்கள்.

“வாங்க,” என்றார். “போய்ப் பாத்துடலாம்.”